வாங்காத கூட்டம்

கடை வாசலில் கூட்டம் கூடினால் மகிழாத வியாபாரி இல்லை. நம் முன்னோர் கப்பலேறி வந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை விரித்த நாள் முதல், அஞ்சடியில் நடந்து போகிறவரையும் "வாங்க, பார்த்துட்டுப் போங்க" என்று அழைப்பதே நம் தொழிலின் முதற்பாடமாக இருந்து வருகிறது. ஆனால் எதையும் வாங்காமல், வாங்க வருகிறவரையும் உள்ளே விடாமல், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டமும் ஒன்றுண்டு. இணையத்தளத்தின் மூலம் வியாபாரம் செய்யும் நம்மவர்களை அலைக்கழிக்கும் இக்கூட்டத்தைப் பற்றியே இம்மாதப் பாடத்தில் எழுதுகிறோம்.

சென்ற ரமலானில் நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் கூறுகிறோம். கோலாலம்பூரில் துணிக் கடை நடத்துகிறவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெருநாள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவருக்கு இணையத்தளத்தின் வழியாகவே நடக்கிறது. பிறை இருபத்தொன்றின் இரவு, தராவீஹ் முடிந்து வந்து பெட்டியடியில் அமர்ந்தவரிடம் கடைப் பையன் கைப்பேசியை நீட்டி, "மொதலாளி, இன்னிக்கு நம்ம தளத்துல ஆயிரக்கணக்குல ஆளு நிக்குது" என்றிருக்கிறான். அவரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, கிட்டங்கியிலிருந்து பாஜு மெலாயுக் கட்டுகளை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் ஆயிற்று. ஓர் ஆர்டர்கூட வரவில்லை. பத்து மணிக்கு ஜோகூரிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் தொலைபேசியில் அழைத்து, "என்ன பாய், உங்க கடை திறக்கவே மாட்டேங்குது?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. நள்ளிரவுக்குள் மின்னஞ்சலில் ஒரு கடிதமும் வந்தது. இரண்டு நாட்களுக்குள் இவ்வளவு பிட்காயின் அனுப்ப வேண்டும். இல்லையேல் பெருநாள் வரை இது நிற்காது.

கல்லாப்பெட்டியில் ஒரு காசு குறையவில்லை. கிட்டங்கியில் ஒரு கைலி காணாமற் போகவில்லை. வாடிக்கைக்காரர்களின் விலாசங்களை யாரும் எடுத்துக்கொண்டு போகவுமில்லை. ஆயினும் ஆண்டின் தலையாய வாரத்தில் கடை மூடிக் கிடந்தது. இதற்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். பல ஊர்களிலிருந்து பல கணினிகள் சேர்ந்துகொண்டு செய்வதை ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டிடாஸ் என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

கூட்டம் எப்படிக் கூடுகிறது?

இணையத்தளம் என்பது எங்கோ ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்னும் கணினியில் இருக்கிறது. வாடிக்கைக்காரரின் கைப்பேசி அதற்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது. சர்வர் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறது. எவ்வளவு பெரிய சர்வராயினும் ஒரு வினாடியில் இத்தனை பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும் என்ற வரம்பு உண்டு. அதற்குப் போகும் கம்பியின் வழியே இவ்வளவுதான் செல்லும் என்ற வரம்பும் உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பொய் விண்ணப்பங்களால் நிரப்பிவிட்டால், உண்மையான வாடிக்கைக்காரர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பழைய முறை ஒன்றை விளக்கினால் மற்றவை எளிதில் விளங்கும். இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன் மூன்று வார்த்தை பரிமாறிக்கொள்கின்றன. வருகிறவர், "பேசலாமா?" என்கிறார். கடைக்காரர், "பேசலாம், உட்காருங்கள்" என்று ஒரு நாற்காலியை ஒதுக்குகிறார். வந்தவர், "உட்கார்ந்தேன்" என்கிறார். அதன் பிறகே கொடுக்கல் வாங்கல். எதிரி செய்வது யாதெனில், பொய் முகவரியிலிருந்து "பேசலாமா?" என்று ஓயாமல் கேட்பதும், மூன்றாம் வார்த்தையைச் சொல்லாமலே விட்டுவிடுவதுமாகும். கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் நாற்காலி ஒதுக்கிக் காத்திருக்கிறார். நாற்காலிகள் தீர்ந்துபோகின்றன. 1996 செப்டம்பரில் நியூயார்க் நகரின் பானிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனத்தை இம்முறையிலேயே நாட்கணக்கில் முடக்கினார்கள்.

அதே ஆண்டில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் கணித அறிஞர் முன்வைத்த பரிகாரத்தைக் கேட்டால் நம் பழைய கணக்கப்பிள்ளைகள் மகிழ்வார்கள். நாற்காலியை ஒதுக்க வேண்டாம். வந்தவர் கையில் கடையின் இரகசிய முத்திரையிட்ட ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடு. அந்தச் சீட்டோடு திரும்பி வந்தால் அப்பொழுது நாற்காலி போடு என்பதே அது. பொய் முகவரிக்குச் சீட்டு போய்ச் சேராதாகையால், பொய்யர் திரும்பி வரப்போவதில்லை. கடைக்காரர் அவரைப் பற்றி ஏட்டில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆகவே அவருக்குச் செலவும் இல்லை. இதைச் சின் குக்கீ என்கிறார்கள். இன்றைய சர்வர்கள் பலவற்றில் இது உள்ளேயே அமைந்திருக்கிறது. உங்கள் தளத்தைக் கவனிக்கும் ஆளிடம் இது இயங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். விழித்தால், ஆளை மாற்றும் யோசனையைத் தொடங்கலாம்.

இன்னொரு முறை இதைவிடக் கொடியது. நமக்கு ஆகாதவன் ஒருவன், நம் கடை விலாசத்தை எழுதி, ஆயிரம் மொத்த வியாபாரிகளுக்கு ஆளுக்கொரு தபாலட்டை போட்டு, "உங்கள் முழு விலைப்பட்டியலையும் உடனே அனுப்புங்கள்" என்று கேட்கிறான் என வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஆகும் செலவு ஆயிரம் அட்டை. நம் வாசலில் வந்து குவிவதோ ஆயிரம் மூட்டை. அனுப்பிய வியாபாரிகள் மீதும் குற்றமில்லை. அவர்கள் நாம் கேட்டதாகவே நினைத்தார்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் சிலவகைச் சர்வர்களை இப்படி ஏவிவிடலாம். அவற்றுள் மெம்கேஷ்ட் என்னும் ஒருவகை, கேட்டதைப்போல் 51,000 மடங்கு வரை திருப்பி அனுப்பக்கூடியதாக இருந்தது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் என்னும் தளத்தின் மீது இவ்வழியில் வினாடிக்கு 1.35 டெராபிட் அளவு பாய்ந்தது. அத்தளம் தன் போக்குவரத்தையெல்லாம் ஒரு காவல் நிறுவனத்தின் வழியே திருப்பிவிட்டுப் பத்து நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. அந்தக் காவல் என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மூன்றாவது முறையில் கூட்டம் சிறியது, தந்திரம் பெரியது. வாடிக்கைக்காரரைப் போலவே உள்ளே வந்து, மேல் தட்டிலிருக்கும் புடவைகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டச் சொல்லிச் சிப்பந்தியை மூச்சு வாங்க வைப்பவர்களை நாம் அறிவோம். அதுபோலத் தளத்தின் தேடும் பெட்டியில் எதையாவது போட்டுப் போட்டு, சர்வர் முழுச் சரக்குப் பட்டியலையும் புரட்டும்படி செய்கிறார்கள். இதற்குப் பெரிய படை வேண்டியதில்லை. நம் துணிக் கடைக்காரருக்கு வந்ததும் இந்த வகைதான் என்று பின்னர் தெரிந்தது.

யார் செய்கிறார்கள்?

பெரிய வல்லரசுகளின் சண்டை இது, பலசரக்குக் கடைக்கு எங்கே வரப்போகிறது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் யாஹூ, அமேசான், ஈபே, சிஎன்என் ஆகிய பெருந்தளங்களைத் திணறடித்தவன் கனடாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன். அதன் பிறகு இது கூலிக்குக் கிடைக்கும் தொழிலாகவே ஆகிவிட்டது. 2018 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல் துறையினர் மூடிய வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்னும் கூலிக் கடையில் 1,36,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். மாதம் 15 யூரோவிலிருந்து வாடகை. நான்கு பேர் நாசிக் கண்டார் உண்ணும் செலவில் யாரும் யாருடைய கடையையும் அடைக்கலாம் என்ற நிலை. ஒன்றை மூடினால் வேறொன்று முளைக்கிறது.

இவ்விடத்தில் நம்மவர்களுக்கு வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே வீதியில் ஒரே சரக்கை விற்கும் இருவருக்குள் மனத்தாங்கல் வருவது இயல்பு. "அவன் தளத்தைப் பெருநாள் முடியும் வரை படுக்க வைத்துத் தருகிறேன்" என்று எந்தப் பையனாவது சொன்னால், அது விளையாட்டன்று. சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டுக் கணினித் துஷ்பிரயோகச் சட்டத்தின்படி, முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். மலேசியாவும் 1997லேயே கணினிக் குற்றங்களுக்குச் சட்டம் இயற்றியது. அண்டை வீட்டாரின் உரிமையைச் சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதி வந்தவர்களுக்குச் சட்டத்தைக் காட்டிப் பேச வேண்டியிருப்பதே நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

காவல் காக்கிறேன் என்று வருகிறவரையும் விசாரித்தே ஏற்க வேண்டும். 2016ல் உலகைக் கலக்கிய மிராய் என்னும் நச்சு நிரலை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டுக்கு சர்வர் நடத்துவோரிடையே நிலவிய தொழிற்போட்டியில் பிறந்த நிரல் அது. அவர்களுள் இருவர், டிடாஸ் தாக்குதலிலிருந்து பாதுகாப்பளிப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனமும் நடத்தி வந்தார்கள்! தீ வைத்தவனே தண்ணீரும் விற்ற கதை.

காவல் எங்கே நிற்க வேண்டும்?

கடைக்குள் ஃபயர்வால் என்னும் காவல் பெட்டி வைத்திருக்கிறோம், போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2023 நவம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளின் இணையத்தளங்கள் காலை ஒன்பது மணியளவிலிருந்து மாலை வரை திறக்கவில்லை. வந்த வெள்ளம் முன்னிருந்த தடுப்பைத் தாண்டி வந்து ஃபயர்வாலையே திணறடித்துவிட்டது என்று அவற்றின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் சினாப்ஸ் நிறுவனம் அறிவித்தது. நோயாளிகளின் பதிவுகளுக்கு ஊறு நேரவில்லை, மருத்துவமும் நிற்கவில்லை. உள்ளே எல்லாம் நன்றாயிருக்க, வாசல் மட்டும் அடைபட்டது. பல தடுப்புகள் வைத்திருந்த இடத்திலேயே இந்நிலை என்றால், கடையின் ஒற்றைப் பெட்டியை நம்பியிருப்பது சரியன்று. கூட்டம் வீதியையே அடைத்துவிட்ட பின், கடை வாசலில் நிற்கும் ஜாகாவால் என்ன செய்ய முடியும்? வீதி முனையிலேயே தடுத்துப் பிரிக்க வேண்டும்.

முன்னர்ச் சொன்ன காவல் நிறுவனங்களின் வேலை இதுவே. உலகின் பல நகரங்களில் அவற்றுக்குச் சர்வர்கள் உண்டு. உங்கள் தளத்துக்கு வருகிறவர் எவரும் முதலில் அவற்றில் ஒன்றுக்கே போகிறார். பிரேசிலிலிருந்து வரும் கூட்டம் பிரேசிலிலேயே நிற்கும். ஜோகூர் வாடிக்கைக்காரர் பக்கத்து வாசல் வழியாக வந்துவிடுவார். படங்களையும் விலைகளையும் அவையே நகலெடுத்து வைத்துக் காட்டுவதால், கடைச் சிப்பந்தியை எழுப்ப வேண்டிய வேலையும் குறையும். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நூறு தடவை தேடும் பெட்டியைத் தட்டுகிறவரை நிறுத்தி வைக்கும் விதியையும் அங்கேயே போட்டுவிடலாம். கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்கள் சிறு தளங்களுக்கு இதன் அடிப்படைக் காவலைக் கட்டணமின்றியே தருகின்றன. ஷோப்பி, லஸாடா போன்ற சந்தைகளில் மட்டும் விற்கிறவருக்கு இந்தத் தலைவலியைச் சந்தைக்காரரே சுமக்கிறார். அவர் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

நம் துணிக் கடைக்காரர் மறுநாள் காலை சஹர் நேரத்திலேயே தளத்தைக் கவனிக்கும் இளைஞரை எழுப்பி, இப்படியொரு காவலின் பின்னே தளத்தைக் கொண்டுபோய் வைத்தார். லுஹருக்குள் கடை திறந்தது. இரவு மறுபடியும் படுத்துவிட்டது. காரணம் சிறியது. சர்வருக்குக் கதவு எண் போல ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. அந்தப் பழைய எண் எதிரிக்கு முன்னமே தெரியும். முன்வாசலில் காவல் வைத்ததும், அவன் பின்சந்து வழியாக நேரே வந்துவிட்டான். சர்வரை வாடகைக்கு விட்டவரிடம் சொல்லிப் புதிய எண் வாங்கி, காவல் நிறுவனத்தின் வழியாக வருகிறவரை மட்டுமே உள்ளே விடு என்று கட்டளையும் போட்ட பிறகே நிம்மதி வந்தது. அதற்கும் முன் ஒரு சிக்கல்: மின்னஞ்சலும் அதே சர்வரில் இருந்தமையால், மின்னஞ்சல் குறிப்பேட்டைப் பார்த்தே புதிய எண்ணைக் கண்டுகொள்ளலாம் என்று அந்த இளைஞர் நல்ல வேளையாக நினைவு கூர்ந்தார். மின்னஞ்சலை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஆகவே காவலை ஏற்பாடு செய்கிறவர்கள் இம்மூன்றையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள்.

மூன்று நாள் ஆர்டர்கள் போனது போனதுதான். ஆனால் அவர் பணம் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2015 நவம்பரில் ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான்மெயில் என்னும் மின்னஞ்சல் நிறுவனம், தன்னைச் சார்ந்த மற்ற நிறுவனங்களும் அவதிப்படுவதைக் கண்டு, சுமார் 6,000 அமெரிக்க டாலர் பெறுமான பிட்காயினைக் கொடுத்தது. தாக்குதல் நிற்கவில்லை. கொடுத்தவர் என்று பெயரெடுத்தவரிடம் மறுபடியும் கேட்பது வட்டிக்கடைக்காரனுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2017 ஜூலையில் மலேசியப் பங்குத் தரகு நிறுவனங்கள் சிலவும் இத்தகைய மிரட்டலுக்கு உள்ளாயின.

அந்த மூன்று நாளும் அவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர்களின் தொலைபேசி எண்கள் அச்சடித்த தாளில் இருந்தன. வாட்ஸப்பில் படங்களை அனுப்பி, ஆர்டரைப் பழையபடி சிட்டைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். தளம் விழுந்தால் வாடிக்கைக்காரரை எட்டுவதற்கு அத்தளத்தையே நம்பாத ஒரு வழி வேண்டும்.

இணைய இணைப்புத் தருகிறவரிடமும் சர்வரை வாடகைக்கு விடுகிறவரிடமும் ஒப்பந்தம் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் மீது கூட்டம் பாய்ந்தால் என்ன செய்வீர்கள்?" அவர்களில் பலர், மற்ற வாடிக்கைக்காரர்களைக் காப்பதற்காக, உங்களுக்கு வரும் போக்குவரத்து முழுவதையும் அப்படியே குப்பையில் கொட்டிவிடுவார்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போகும். அவர்கள் பக்கத்தில் அது நியாயமே. உங்கள் கடையைப் பொறுத்தவரை எதிரி கேட்டதை அவர்களே முடித்துக் கொடுத்ததாக ஆகும். எத்தனை மணி நேரம் அப்படி வைப்பார்கள், இரவில் யாரை அழைப்பது என்பதைத் தாளில் எழுதிப் பெட்டியடியில் ஒட்டி வையுங்கள். அட்டை தேய்க்கும் இயந்திரமும் கியூஆர் பணமும் ஒரே கம்பியில் ஓடுமானால், ஒரு சிம் அட்டையில் ஓடும் மாற்று இணைப்பும் தயாராக இருக்கட்டும்.

நம் கடையிலிருந்தே போகும் கூட்டம்

இனி, நாம் அதிகம் கவலைப்படும் பகுதிக்கு வருகிறோம். இத்தனை விண்ணப்பங்களை அனுப்பும் கணினிகள் யாருடையவை? எதிரியின் வீட்டில் லட்சம் கணினிகள் இல்லை. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் பிடித்த கருவிகள் அமெரிக்காவின் டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலரால் திறக்க முடியவில்லை. தாக்கியவை பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், வீட்டு ரௌட்டர்கள். தொழிற்சாலையில் இட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். மிராய் செய்ததெல்லாம், 'அட்மின்', '12345' போன்ற அறுபதுக்குச் சற்று அதிகமான சோடிகளை ஒவ்வொரு கதவிலும் போட்டுப் பார்த்ததுதான். மறுநாளும் 24ஆம் தேதியும் சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் இணைப்பு வைத்திருந்த வீடுகள் பலவற்றில் இணையம் தடைப்பட்டது. வாடிக்கைக்காரர்கள் தாங்களே வாங்கி மாட்டிய கேமராக்களும் ரௌட்டர்களும் கெட்டுப்போய்க் காரணமாயின என்று அந்நிறுவனம் அப்போது கூறியது. சொந்த வீட்டுக் கேமராவே சொந்த இணைப்பை அறுத்த நிகழ்ச்சி!

நம் கடைகளில் கேமரா இல்லாத கடை எது? நாணய மாற்றுக் கடையில் நான்கு, உணவகத்தில் எட்டு, நகைக் கடையில் சொல்லவே வேண்டாம். மாட்டிவிட்டுப் போன ஆள் வைத்த பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டால் பத்து முதலாளிகளில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கற்றவர்கள் நாம். பூட்டாத கேமரா ஒன்றைக் கடை உச்சியில் தொங்கவிட்டிருப்பது, முள்ளைப் பாதையில் நாமே போட்டு வைத்ததற்கு ஒப்பாகும். அது இன்றிரவு யாரோ ஒரு சகோதரரின் கடை வாசலை அடைத்துக்கொண்டிருக்கலாம். நமக்குத் தெரியாது, படமும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது கடினமன்று. பதிவுப் பெட்டியின் மின்சாரத்தை ஒரு தடவை நிறுத்திப் போட்டால் மிராய் போன்ற நிரல் நினைவிலிருந்து போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால் சில நிமிடங்களில் மீண்டும் வந்து குடியேறும். ஆகவே முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கி, பெட்டியை நிறுத்திப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றிய பிறகே கம்பியைச் செருக வேண்டும். வெளியூரிலிருந்து கடையைப் பார்க்கும் வசதி தேவையில்லையேல் அதை அடைத்துவிடுங்கள். தேவையென்றால் தயாரிப்பாளர் வெளியிடும் புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்படி வெளியிடுவதையே நிறுத்திவிட்ட பழைய பெட்டியை மாற்றிவிடுவது மேல். சிங்கப்பூரில் வாங்குகிறவர்கள் 2020ல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு லேபிளைப் பார்த்து வாங்கலாம். நான்கு படிகள் கொண்ட அந்த லேபிளின் முதற்படிக்கே, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. மலிவாகக் கிடைக்கிறதென்று பெயரில்லாத கேமராவை வாங்கி மாட்டும் பழக்கத்தை விடுவது நல்லது.

தாக்குதல் நேர்ந்தால் மிரட்டல் கடிதத்தை அழிக்காதீர்கள். சர்வரின் பதிவேட்டையும் எடுத்து வையுங்கள். போலீசில் புகார் கொடுப்பதுடன், மலேசியாவில் சைபர்999க்கும் சிங்கப்பூரில் சிங்செர்ட்டுக்கும் தெரிவிக்கலாம். நம் துணிக் கடைக்காரர் அவ்வாறே செய்தார். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்த இளைஞர், வந்த முகவரிகளில் கணிசமானவை உள்நாட்டைச் சேர்ந்தவை என்று கண்டார். அதைக் கேட்ட முதலாளி பேசாமல் எழுந்து போய், தம் கடையின் கேமராப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்திருக்கிறார். பெயர் அட்மின். பாஸ்வேர்ட் 12345.